வயது கழித்த ஊனம்

பூஜ்யத்தைக் கண்டுபிடித்தது இந்தியா என்பது எல்லோருக்கும் தெரியும். அதை உயிரோடு இருக்கும் ஒரு மனிதர் மேல் பொருத்திக் காட்டியது எங்கள் ஊர் நிக்டி என்பது இன்னும் பாடப் புத்தகத்தில் ஏறவில்லை. ஏறும். அந்தச் சாதனை நடந்த அறையில், ஏசிக்கு நேர் கீழே நானும் உட்கார்ந்திருந்தேன் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

எங்கள் அலுவலகத்தின் பெயர் 'மூத்தோர் இயலாமை மறுமதிப்பீட்டு மையம்'. வேலையில் இருந்தபோது அடிபட்டுக் கையையோ காலையோ இழந்தவர்கள் மாதாமாதம் 'உதவியாளர் படி' என்று ஒன்று வாங்குகிறார்கள். அவர்களில் பென்ஷன் வயதைத் தாண்டியவர்களை ஒவ்வொருவராக அழைத்து, போன கால் இன்னமும் போனபடிதான் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்வது எங்கள் தொண்டு. சிரிக்க வேண்டாம். முப்பது வருடமாக யாருமே இதை உறுதி செய்யவில்லை. அரசாங்கம் வெறும் நம்பிக்கையின் பேரில் நடந்துகொண்டிருந்தது.

நான் அங்கே ஒப்பந்த அடிப்படையில் தமிழ் மொழிபெயர்ப்பாளர். பக்கத்து ஊரான தேஹு ரோட்டில் இருக்கும் தமிழர்கள் நாற்பது வருடமாக என்னைவிட நல்ல ஹிந்தி பேசுகிறவர்கள். ஆகவே எனக்கு வேலை வராது. ஆனால் பட்ஜெட்டில் 'மொழிபெயர்ப்பு' என்று ஒரு தலைப்பு இருந்தது. தலைப்புக்குக் கீழே ஒரு தலை தேவைப்பட்டது.

மையத்தின் மூளை ஜெயந்த். வசதியானவர்கள் வசிக்கும் ஔந்தில் பிறந்து வளர்ந்த தமிழர், முப்பது வயது, ஒரு கன்சல்டிங் கம்பெனி அனுப்பிவைத்தவர். அவர் வந்த முதல் வாரமே 'ஊனம்' என்ற சொல்லுக்குத் தடை வந்தது. மீறி உச்சரிப்பவர் எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். இரண்டாவது வாரம் தம் சூத்திரத்தை எனக்கு விளக்கினார்.

"அங்கிள், எழுபது வயசு ஆள் ஒருத்தர் படி ஏற மாட்றார். ஏன்?"

"கால் இல்லாததனால."

"அது பயஸ், அங்கிள், முன்கூட்டியே முடிவு கட்றது. கால் இருக்கற எழுபது வயசு ஆள் ஏறுவாரா?"

"எங்க சொஸைட்டில பாதிப் பேர் ஏற மாட்டாங்க."

"பாருங்க, நீங்களே சொல்லிட்டீங்க. ஏறாததுதான் நார்மல். நார்மலுக்கு சர்க்கார் எதுக்குப் பைசா குடுக்கணும்?"

சொந்த மூளையைக் கொண்டு இப்படி ஒரு முடிவுக்கு வர முடியாது. அதற்குப் படித்திருக்க வேண்டும்.

இப்படிப் பிறந்ததுதான் 'வயது கழித்த இயலாமை'. மறுமதிப்பீட்டுக்கு வருகிறவர், தம் வயதையொத்த, நல்ல உடல்நிலையில் உள்ள ஒருவரைத் தம் சொந்தப் பொறுப்பில் கூட்டி வர வேண்டும். அவர் 'ஒப்பீட்டு நபர்'. இருவரிடமும் ஒரே கேள்விகள் கேட்கப்படும். ஒப்பீட்டு நபருக்கு இருக்கும் கஷ்டமெல்லாம் முதுமை. அதைக் கழித்துவிட்டு மிஞ்சுவது எதுவோ அதுதான் உண்மையான இயலாமை. முதுமை இயற்கையின் இலாகா. எங்கள் இலாகா அல்ல.

இன்னொரு புதுமையும் உண்டு. டாக்டர்கள் யாரையும் தொட்டுப் பார்க்க மாட்டார்கள். முட்டியைத் தட்டுவது, எழுந்து நடக்கச் சொல்வது எல்லாம் மனித கண்ணியத்துக்கு விரோதம் என்று ஜெயந்த் ஒரு மணி நேரம் படம் போட்டுக் காட்டியிருந்தார். கேள்வி மட்டும்தான். இருபத்தொன்று. வருகிறவர் தம் வாயால் என்ன சொல்கிறாரோ அதுவே வேதம். இதற்கு 'மனிதரை மையப்படுத்திய மதிப்பீடு' என்று பெயர்.

அந்த மையத்துக்குள் வந்து உட்கார்ந்த மனிதர் அப்துல் காதர்.

அவருக்கு எழுபத்தொரு வயது. தேஹு ரோட்டில் ஒற்றை அறை. பாதுகாப்புத் துறைக் கிடங்கு ஒன்றில் மஸ்தூராக, அதாவது சுமைக் கூலியாக, இருந்தபோது, சரிந்த இரும்புப் பெட்டிகள் வலது காலைத் தொடையோடு வாங்கிக்கொண்டன. இடுப்பையும் சரியாக அசையாதபடி பூட்டிவிட்டன. பிறகு ஓய்வு பெறும் வரை டோக்கன் ஜன்னலில் உட்கார்ந்திருந்தார். எழுப்பி நிறுத்திவிட்டால் ஊன்றுகோலோடு பத்தடி போவார். ஆனால் தானாக எழ முடியாது. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு, காலையிலும் மாலையிலும் அவரை எழுப்பி, குளிப்பாட்டி, உட்கார வைப்பது பக்கத்து லைன் ஆரோக்கியமேரி. படி முழுக்க அவள் கைக்குத்தான் போகும்.

மையத்தின் கடிதத்தை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தவளும் அவள்தான்.

"படி நின்னுச்சின்னா நான் ஔந்துல வீட்டு வேலைக்குப் போகணும் சார். மகளுக்கு நர்ஸிங்ல இன்னும் ரெண்டு வருசம் கெடக்கு. காலைல அஞ்சரை பஸ்ஸப் புடிச்சாத்தான் ஆகும். காதர் பாயை யாரு எழுப்புவா? படுத்தது படுத்தபடியே கெடப்பாரு."

"ஆரோக்கியமா ஒரு எழுபது வயசு ஆளக் கூட்டிட்டு வாங்க. அது போதும்."

"எங்க லைன்ல எழுபது வயசுல ஆரோக்கியமா இருக்கது போட்டோதான் சார். மாலை போட்டு மாட்டி வச்சிருக்கோம்."

அப்போதுதான் நான் ஒரு நல்ல காரியம் செய்தேன். சூர்யநாராயணன் பெயரைச் சொன்னேன்.

சூர்யநாராயணன் எங்கள் சொஸைட்டி அடுக்குமாடிக் குடியிருப்பில் பி விங். வங்கி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபத்திரண்டு வயது. தினமும் காலையில் தோட்டத்தைப் பதினொரு முறை சுற்றி வருவார். சுற்றும்போது எதிரே வருகிறவர்களை நிறுத்தி, தமக்கு ஒரு வியாதியும் இல்லை என்பதைத் தெரிவிப்பார். "ஒரு மாத்திரை கிடையாது, தெரியுமோ? கண்ணாடிகூட பேப்பருக்கு மட்டும்தான்." இவருடைய ஆரோக்கியத்தைத் தாங்க முடியாமல் பலர் நடக்கும் நேரத்தைச் சாயங்காலத்துக்கு மாற்றிக்கொண்டார்கள்.

விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது.

"அப்போ என்னை ஒரு ஸ்டாண்டர்டா வச்சுக்கறா."

"ஆமாம் மாமா. துணிக்கடை கஜக்கோல் மாதிரி."

"போர்டுல யாரெல்லாம்?"

"தலைவர் டாக்டர் நிம்பால்கர், மிலிட்டரில இருந்தவர். அப்புறம் ஒரு எலும்பு ஸ்பெஷலிஸ்ட், ஒரு நரம்பு ஸ்பெஷலிஸ்ட்."

விரல்விட்டு எண்ணினார். "மூணு பேருமா? ஒரே ரூம்ல?"

அதை நான் பிரமிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு பக்கம் முடிந்தது. மறுபக்கத்தில் ஒரு சிக்கல் இருந்தது. அதைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை தேஹு ரோட்டுக்குப் போனேன். ஆரோக்கியமேரி கட்டிலுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஆபீசர் குரலில் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கோயி தக்லீஃப்?"

"நஹீ சாப்," என்றார் அப்துல் காதர்.

"பாய்."

"வாய்ல தானா வருதும்மா. நான் என்ன செய்ய?"

கிடங்கில் மாதம் ஒருமுறை இன்ஸ்பெக்‌ஷன். எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, பெரிய ஆபீசர் ஒவ்வொருவராகப் பார்த்து, ஏதாவது கஷ்டம் உண்டா என்று கேட்டுக்கொண்டே போவார். 'நஹீ சாப்', இல்லை ஐயா, என்று சொல்ல வேண்டும். அத்தனை வருடங்களில் ராம்கி என்ற ஒருவர் மட்டும் ஒருநாள், குடிதண்ணீர் நாறுகிறது என்று சொன்னார். தண்ணீரே இல்லாத ஒரு பாலைவன ஊருக்கு அவரை மாற்றினார்கள். அதற்குப் பிறகு யாருக்கும் கஷ்டம் வரவில்லை.

"கால் போன அன்னைக்கி," என்றார் அப்துல் காதர், "ஸ்ட்ரெச்சர்ல வச்சுத் தூக்கிட்டுப் போறாங்க தம்பி. ஒரு சாப் ஓடியாந்து கேட்டாரு. அப்பவும் நஹீ சாப்னுதான் சொல்லிருக்கேன். எனக்கு ஞாவகம் இல்ல. கூட வந்தவங்க சொன்னாங்க."

"இப்பச் சொல்லுங்க," என்றாள் ஆரோக்கியமேரி. "எந்திரிக்க முடியாது சாப். இதான். ஒரே வரி. கோயி தக்லீஃப்?"

"நஹீ... எந்திரிக்க முடியாது சாப்."

"அந்த நஹீ வேண்டாம்."

இருட்டும் வரை நடந்தது. கடைசி ஐந்து முறை ஒரு பிசகும் இல்லை. நான் நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன்.

செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணி. ஆரோக்கியமேரி அவரை மையத்தின் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தாள். சக்கர நாற்காலியில் இருத்திக் கேள்வி கேட்பது சமத்துவம் ஆகாது என்று ஜெயந்த் சொன்னதால், சாதாரண நாற்காலிக்கு மாற்றி உட்கார வைத்தாள். அவள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லிவிடக் கூடாது என்று அவளை கேட்டுக்கு வெளியே அனுப்பினார்கள். போகும்போது வாயை மட்டும் அசைத்தாள். அந்த ஒரே வரி.

இனி நடந்ததெல்லாம் ஹிந்தியிலும் ஆங்கிலத்திலும். அதைத் தமிழில் இங்கே தருகிறேன். இந்த வேலைக்கு வந்து நான் செய்த ஒரே மொழிபெயர்ப்பு இதுதான்.

முதலில் அளவுகோல். சூர்யநாராயணன் சலவைச் சட்டையோடு வந்து உட்கார்ந்தார்.

"படி ஏறி இறங்குவதில் சிரமம் உண்டா?" என்று கேட்டார் டாக்டர் நிம்பால்கர். பெரிய மீசை, அதைவிடப் பெரிய குரல்.

சூர்யநாராயணன் எலும்பு டாக்டரை ஒரு பார்வை பார்த்தார். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு காகிதத்தை எடுத்தார். இரண்டு பக்கமும் எழுத்து.

"வந்ததே வந்துட்டேன், கேட்டுடறேன் டாக்டர். இடது முட்டில, இறங்கறச்சே மட்டும் டக்குனு ஒரு சத்தம். ஏறறச்சே இல்லை. அது எதனால?"

"நீங்கள் தினமும் பதினொரு சுற்று நடப்பதாக எழுதியிருக்கிறதே."

"அஞ்சாவது சுத்துலேர்ந்து உயிர் போறது. வெளில சொல்லிக்கறதில்லை."

"மாமா," என்றேன் நான் மெல்ல, "நீங்க ஆரோக்கியமானவர்."

"ஆரோக்கியமானவன் டாக்டர்ட்ட கேக்கப்படாதா?"

இந்த மூன்று பேரில் ஒருவரைப் பார்க்கவே ஔந்தில் பத்து நாள் முன்பே பெயர் கொடுக்க வேண்டும். இங்கே மூவரும் ஒரே மேஜையில், கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருக்கிறார்கள். எந்த மனிதனால் சும்மா இருக்க முடியும்? குளியல் பற்றிய கேள்விக்குத் தலைசுற்றலைச் சொன்னார். சட்டைப் பொத்தான் பற்றிய கேள்விக்கு விரல் மரத்துப்போவதைச் சொன்னார். ஒன்பதாவது கேள்வியில் செருப்பைக் கழற்றிப் பாதத்தைத் தூக்கிக் காட்டினார். ஞாபக மறதி பற்றிய கேள்வி வந்தபோது, "இதை நரம்பு டாக்டர் கேக்கட்டும்," என்று திருத்தினார். அவருடைய மனைவிக்குத் தெரியாத நான்கு உபாதைகள் எனக்கு அன்று தெரிந்தன.

ஜெயந்த் கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொன்னார்: "சிக்ஸ்டி ஒன் பர்சென்ட்."

ஒரு மாத்திரைகூடச் சாப்பிடாத மனிதர் அறுபத்தொரு சதவீதம் இயலாதவர். விஞ்ஞானம் எதையும் மறைக்காது.

அடுத்து அப்துல் காதர். டாக்டர் நிம்பால்கர் நிமிர்ந்து, மீசையைத் தடவிக்கொண்டு, படிவத்தில் இருந்த முதல் கேள்விக்குப் பதிலாகத் தம் பழைய வழக்கப்படி கேட்டுவிட்டார்.

"கோயி தக்லீஃப்?"

அப்துல் காதரின் முதுகு நாற்காலியில் நேரானது. கண் எதிர்ச் சுவரில் நிலைத்தது. அந்தக் கணத்தில் அவர் எங்கள் அறையில் இல்லை; கிடங்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தார், இரண்டு காலோடு.

"நஹீ சாப்."

"குளிப்பதில்?"

"நஹீ சாப்."

"படுக்கையிலிருந்து எழுவதில்?"

நான் இருமினேன். "எந்..." என்று ஆரம்பித்தார்.

"ஹாங்?" என்றார் டாக்டர் நிம்பால்கர், கொஞ்சம் உரக்க.

"நஹீ சாப்."

இருபத்தொரு கேள்வி. இருபத்தொரு 'நஹீ சாப்'. எலும்பு டாக்டர் குனிந்த தலை நிமிராமல் கட்டம் கட்டமாக டிக் போட்டுக்கொண்டிருந்தார். நரம்பு டாக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். கடைசிக் கேள்வி முடிந்ததும் டாக்டர் நிம்பால்கர் மேஜையைத் தட்டினார்.

"இதுதான் நம் ஆட்களின் பண்பு. ஒரு முணுமுணுப்பு இல்லை."

"கிரேட் ஆட்டிட்யூட்," என்றார் ஜெயந்த். அப்துல் காதர் பெற்ற மதிப்பெண் பூஜ்யம். அதிலிருந்து சூர்யநாராயணனின் அறுபத்தொன்றைக் கழித்தால் மைனஸ் அறுபத்தொன்று. மைனஸை அப்படியே விட்டால் இவர் அரசாங்கத்துக்குப் படி கொடுக்க வேண்டி வரும் என்று கம்ப்யூட்டர் சொன்னது. ஜெயந்த் இளகிய மனம் கொண்டவர். கருணையோடு அதைப் பூஜ்யமாக்கினார்.

நான் எழுந்து நின்றேன். என் வாழ்நாளில் நான் செய்த ஒரே துணிச்சல்.

"சார், அவருக்கு ஒரு கால் இல்லை."

"அவர் அப்படிச் சொன்னாரா?"

"சொல்லலை."

"அவர் சொல்லாத ஒன்றை நாம் சொல்வது அவரை அவமதிப்பது." டாக்டர் நிம்பால்கர் கையெழுத்துப் போட்டார். "அடுத்த மாதம் முதல் இவரையே ஒப்பீட்டு நபராக அழைக்கலாம். இப்படிப்பட்டவர்கள் அல்லவா அளவுகோல்?"

உத்தரவைத் தமிழில் படித்துக் காட்டும்படி என்னிடம் தந்தார்கள். 'வயதையொத்தவர்களைவிடச் சிறந்த நிலையில் உள்ளார். உதவியாளர் தேவையில்லை.' அப்துல் காதர் கவனமாகக் கேட்டார்.

"தம்பி, நான் சொல்லிட்டேனா?"

"சொல்லிட்டீங்க பாய்."

"எத்தன தடவ?"

"இருபத்தோரு தடவ."

"மேரிகிட்டச் சொல்லாதீங்க," என்றார்.

சூர்யநாராயணன் தம் அறுபத்தொரு சதவீதத்துக்கு ஒரு பிரிண்ட் அவுட் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தார். அவரை வராந்தாவில் பிடித்தேன்.

"மாமா, உங்களால அவருக்குப் படி போச்சு."

"நான் என்ன பண்ணினேன்? கேட்டா, உண்மையைச் சொன்னேன். பொய் சொல்லணும்ங்கறேளா, அரசாங்கத்துக்கிட்ட?" கொஞ்சம் நகர்ந்தவர் திரும்பி வந்தார். "அந்தப் பொம்மனாட்டி இனிமே காலம்பற ஃப்ரீயா இருப்பாளோ? மாடிப்படி இறங்கறச்சே கூட ஒரு ஆள் இருக்கட்டும்ங்கறார் எலும்பு டாக்டர்."

மணி ஐந்தேகால். பியூன் வந்து, கதவோரம் இருந்த சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனான். எங்கே என்று கேட்டேன். உள்ளே வைத்துப் பூட்டப் போகிறேன் என்றான். அது இயலாதவர்களுக்கு மட்டும். சாப் கையெழுத்துப் போட்டாயிற்று. அதே நேரம் என் ஃபோன் அடித்தது. ஆரோக்கியமேரி.

"கேட்ல விட மாட்டேங்கான் சார். உதவியாளர் தேவையில்லன்னு கம்ப்யூட்டர்ல வந்துட்டாம். தேவையில்லாத ஆள உள்ள விட முடியாதாம். என்ன சார் ஆச்சு?"

மேரியிடம் சொல்ல வேண்டாம் என்பதுதான் பாய் என்னிடம் கேட்டுக்கொண்ட ஒரே விஷயம். அதைக்கூட என்னால் காப்பாற்ற முடியவில்லை. சொன்னேன். மறுமுனையில் அவள் ஒரு ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிடுவது கேட்டது.

ஐந்தரைக்கு அலுவலகக் கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும்; அதுவும் ஜெயந்த் கொண்டு வந்த புதுமை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய டாக்டர் நிம்பால்கர், நாற்காலியில் இருந்தவரைப் பார்த்து நின்றார்.

"சலியே, கிளம்பலாம், எழுந்திருங்கள்."

"ஜி சாப்," என்றார் அப்துல் காதர். எழவில்லை.

"எழுந்திருங்கள் என்றேன்."

"ஜி சாப்."

அவர் கட்டளைக்குக் கீழ்ப்படியாதவர் அல்ல. இரண்டு கையையும் நாற்காலிப் பிடியில் ஊன்றி எம்பினார். தோள் புடைத்தது. கழுத்து நரம்பு தெறித்தது. நாற்காலி கிரீச்சென்று ஒரு சாண் பின்னால் போனது. அவர் இருந்த இடத்திலேயே இருந்தார். மூச்சு வாங்கிவிட்டு மறுபடி எம்பினார். மூன்று டாக்டர்களும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

எங்கள் மையம் தொடங்கிய நாளிலிருந்து நடந்த முதல் மருத்துவப் பரிசோதனை அதுதான்.

ஐந்து இருபத்தேழு. வேறு வழியில்லை. டாக்டர் நிம்பால்கர் ஒரு கக்கத்தில் கை கொடுத்தார், நரம்பு டாக்டர் இன்னொன்றில். நான் பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்தேன். எலும்பு டாக்டர் முன்னால் குனிந்து வேட்டியைத் தடவிக்கொண்டு கேட்டார்:

"நான் எந்தக் காலைப் பிடிக்கட்டும்?"

"இருக்கதைப் புடிங்க சாப்," என்றார் அப்துல் காதர். "மூணுன்னு எண்ணாதீங்க. ரெண்டுலயே தூக்குங்க. மூணு வரைக்கும் போனா இடுப்பு இறுகிரும்."

தூக்கினோம். வராந்தா நீளமானது. ஜெயந்த் முன்னால் ஓடிக் கதவைப் பிடித்துக்கொண்டு, 'டீம் ஒர்க்' என்று ஃபோனில் ஒரு படம் எடுத்தார். பாதி வழியில் டாக்டர் நிம்பால்கர் சுவரில் சாய்ந்து நின்றுவிட்டார். மீசை வியர்வையில் தொங்கியது.

"ஆப்கோ கோயி தக்லீஃப் தோ நஹீ, சாப்?" என்று கவலையோடு விசாரித்தார் அப்துல் காதர்.

டாக்டர் நிம்பால்கர் 'இல்லை' என்று கையை ஆட்டினார். பேச அவருக்கு மூச்சு இல்லை.

கேட்டில் ஆரோக்கியமேரி ஆட்டோவை நிறுத்தி வைத்திருந்தாள். தன் முட்டியை அவர் முட்டிக்கு முட்டுக் கொடுத்து, ஒரே மூச்சில் வாங்கி, ஆட்டோவுக்குள் உட்கார வைத்து, ஊன்றுகோலைப் பக்கத்தில் சாய்த்தாள். பிறகுதான் திரும்பினாள்.

"நாலு பேரா?"

"நாலு பேரு," என்றேன்.

"காலைல ஆறு மணிக்கு எந்திரிப்பாரு. நாலு பேரும் வந்துருங்க."

ஆட்டோ போய்விட்டது. பியூன் வருகைப் பதிவேட்டைக் கொண்டு வந்து கேட் சுவர் மேல் வைத்தான். பூட்டுவதற்கு முன் அன்றைய வரியை நிரப்பி, குழுவினர் கையெழுத்து வாங்க வேண்டும். வெளியேறிய நேரம் எழுதினேன். அதற்கு அடுத்தது 'வெளியேறிய விதம்'. 'உதவியுடன்' என்று எழுதலாமா என்று கேட்டேன். அப்படி எழுதினால் உத்தரவு தப்பென்று ஆகிவிடும் என்றார் டாக்டர் நிம்பால்கர். அவர் சொன்னது முற்றிலும் சரி.

'உதவியின்றி' என்று எழுதினேன். மூன்று டாக்டர்களும் அதன் கீழே கையெழுத்துப் போட்டார்கள். மூவருக்குமே பேனா சரியாகப் பிடிபடவில்லை. தூக்கி வந்த கனத்தில் கை இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. அவர்களைவிட எனக்கு நடுக்கம் கொஞ்சம் குறைவு. நான்காவதாக நான் போட்ட கையெழுத்து தெளிவாகவே விழுந்திருக்கிறது. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.